முதல் வெட்டு

என் வயதுக்காரர்கள் நான்கு பேர் சேர்ந்தால், பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் நிலத்தில்தான் வந்து நிற்கிறது. அங்கே இத்தனை ஏக்கர் இருந்தது, இங்கே இத்தனை போனது என்று ஆளுக்கொரு ராஜ்யத்தை இழந்த கதை. நான் வாயைத் திறக்காமல் தேநீர் குடித்துக்கொண்டிருப்பேன். "உங்க வீட்டுக்கு ஒண்ணும் இல்லையாம்மா?" என்று போன வாரம் ஒருத்தர் பரிதாபமாகக் கேட்டார். அந்தப் பரிதாபத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இருந்தது ஐயா. ரங்கூனுக்கு வடக்கே, இன்சீனைத் தாண்டி ஓடைக்கரையில் எங்களுக்கும் ஒரு துண்டு இருந்தது. அது எப்படிக் கிடைத்தது, கிடைத்த கையோடு எப்படி நழுவப் பார்த்தது என்பதை எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு அப்புறம் பரிதாபப்படுங்கள்.

அப்பா பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பண்ணையில். பண்ணையில் வேலை பார்த்தார் என்று சொல்லவில்லை, பண்ணைக்குச் சொந்தமாகப் பிறந்தார். அடிமை என்பதைச் சர்க்கார் எப்போதோ ஒழித்துவிட்டது என்று படித்தவர்கள் சொல்வார்கள். அந்தச் சேதி எங்கள் தெருவரைக்கும் வந்து சேரவில்லை. அப்பாவின் அப்பா காலத்தில் வயல் கைமாறினால் அதில் உழைக்கும் குடும்பமும் சேர்ந்து கைமாறும். அப்பா காலத்தில் அதை வெளியே சொல்லிச் செய்வதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஆண்டையைக் கேட்காமல் அவர் பக்கத்து ஊர்த் திருவிழாவுக்குக்கூடப் போனதில்லை.

ரங்கூன் அரிசி ஆலைக்கு ஆள் சேர்க்க ஒரு மேஸ்திரி வந்தார். பக்கத்து ஊர்க்காரர், நிலபுலம் உள்ள குடும்பம், எங்கள் ஆட்கள் எட்ட நின்று கும்பிடும் சாதி. அவரோடு அப்பா சொல்லாமல் கொள்ளாமல் கப்பலேறிவிட்டார். சில வருஷம் கழித்து அம்மாவும் நானும் வந்து சேர்ந்தோம். மேஸ்திரியிடம் ஒப்புக்கொண்ட காலம் முடிந்து, அப்பா யாருக்கும் கட்டுப்படாத ஆளாக ஆனது எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது. ஆனார் என்பது பேருக்குத்தான். தெருவில் யாராவது வெள்ளை வேட்டியோடு எதிரே வந்தால் அவர் கை தானாகத் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டும், கால் தானாக ஓரத்துக்கு ஒதுங்கும். "போற வர்றவன் எல்லாம் ஒங்க ஆண்டையா?" என்று அம்மா கேலி செய்வாள். அப்பா வெட்கப்பட்டுச் சிரிப்பார். அடுத்த வேட்டி வந்ததும் மறுபடி ஒதுங்குவார்.

அப்போது நாங்கள் ரங்கூனில் மிங்கலா தாங்ஞுன்ட் என்ற பேட்டையில் ரயில் பாதையை ஒட்டிய வரிசை வீட்டில் ஓர் அறையில் இருந்தோம். ரயில் போனால் அடுப்பின் மேலிருக்கும் பானை நடுங்கும். சாயங்காலம் அப்பா வரும்போது புருவம், காது மடல், மூக்கு எல்லாம் உமித்தூசி படிந்து வெளுத்திருக்கும். அம்மா முந்தானையை நனைத்துத் துடைத்துவிடுவாள். ஈர உமியும் வேர்வையும் கலந்த அந்த வாடைதான் எனக்கு அப்பா. இப்போதும் எங்காவது அரிசி ஆலைப் பக்கம் போனால் கண் கலங்குகிறது. தூசி என்று சொல்லிச் சமாளித்துக்கொள்கிறேன்.

ஆலையில் பாய்லருக்கு நெருப்புப் போடும் பர்மாக்காரர் ஒருவர் அப்பாவுக்குச் சிநேகிதர். பர்மாவில் அண்ணனைக் 'கோ' என்பார்கள். நாங்கள் அவரைக் 'கோ அண்ணன்' என்றே கூப்பிட்டோம், அண்ணன் அண்ணன் என்பதுபோல. ஆலையில் கற்ற தமிழில் அவர் ஒருநாள் அப்பாவிடம் சொன்னார். "எங்க ஊரு இன்சீன் தாண்டி. ஓடை பக்கம் காடு சும்மா கெடக்கு. வெட்டு, உழு, தீர்வை கட்டு. தஜீ பேர் எழுதுவார்." தஜீ என்றால் ஊர்த் தலைவர்.

அன்று அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், ஒரு வாய்கூட எடுக்கவில்லை.

"நமக்குன்னு நெலமா, புள்ள?"

"சாப்பிடுங்க. ஏன், நமக்குன்னா அது வெளையாதா?" என்றாள் அம்மா.

தஜீயைப் பார்க்க அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். இன்சீன்வரை ரயில், அப்புறம் நடை. தஜீ மூங்கில் மேடையில் கால் மடக்கி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். கோ அண்ணன் வந்த காரியத்தைச் சொன்னார். தஜீ அப்பாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஒன் எசமான் யாருன்னு கேக்கிறார்" என்றார் கோ அண்ணன்.

கேட்டதில் குற்றமில்லை. ரங்கூன் பணக்காரர்கள் கூலியாட்களை முன்னால் தள்ளிவிட்டு நிலம் பிடிப்பது அங்கே நடந்துகொண்டிருந்தது. ஆனால் அப்பாவுக்கு அது புரியவில்லை. பிறந்ததிலிருந்து எந்தக் கேள்விக்கு அவர் தடுமாறாமல் பதில் சொல்வாரோ அந்தக் கேள்வி அது. துண்டைப் பிசைந்தார். என்னைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். கடைசியில் ஏதோ தப்பை ஒப்புக்கொள்வதுபோல, "யாரும் இல்லீங்க" என்றார்.

தஜீ நம்பவில்லை. யாரும் இல்லாதவன் இவ்வளவு தூரம் எதற்கு வருகிறான் என்று கேட்டார். கோ அண்ணன் எவ்வளவோ வாதாடினார். தனி ஆள் பாதியில் ஓடிப்போவான், பெண்டாட்டி பிள்ளையோடு வந்து குடியிருக்கட்டும், ஒரு போகம் விளைத்துக் காட்டட்டும், அறுப்புக்கு முன்னால் பேர் எழுதுவதைப் பார்க்கலாம் என்று முடித்தார் தஜீ. அதற்கே அப்பா விழுந்து கும்பிட்டார்.

ஆலை வேலையை விட்டோம். புறப்படும் முன் அம்மா லத்தா கடைத்தெருவுக்குப் போனாள். மண்வெட்டி, புதுக் கத்தி, விளக்கு எல்லாம் வாங்கிவிட்டு, நீல விளிம்பு வைத்த எனாமல் தட்டு ஒன்றும் வாங்கிவந்தாள். காட்டுக்குப் போகிறவள் வாங்குகிற சாமானா இது என்று அப்பா கேட்டார். பண்ணையில் எங்களுக்குக் கூழை ஊற்றுவது கொட்டாங்கச்சியில். "நம்ம நெலத்துல தட்டுல சாப்பிடுவோம்" என்றாள் அம்மா. மூன்று பேரும் அந்த ஒரே தட்டில் முறைவைத்துச் சாப்பிட்டோம். யுத்தத்தில் ஊரைவிட்டு நடந்தபோது எங்கேயோ விட்டுவிட்டோம். நகை போனதற்குக்கூட அம்மா அவ்வளவு அழவில்லை.

சித்திரையில் பர்மாக்காரர்களின் தண்ணீர்த் திருவிழா முடிந்த கையோடு போய்ச் சேர்ந்தோம். புல் அப்பாவின் தலைக்கு மேல் நின்றது. வெயிலில் நடந்துவந்ததில் எனக்கு உடம்பு அனலாகக் கொதித்தது, வந்ததும் படுத்துவிட்டேன். காடு ஓரத்தில் ஒரு மூங்கில் குடிசை, ஓடைத் தண்ணீர், கொசு. பக்கத்து வயல் ஒரு விதவையுடையது. பெரிய பெண்களை அங்கே மரியாதையாக 'டோ' என்பார்கள், அம்மா அவளை டோவம்மா ஆக்கிவிட்டாள். டோவம்மா வரப்பில் குந்தி உட்கார்ந்து, என் மணிக்கட்டு கனத்துக்குச் சுருட்டை வாயில் வைத்துக்கொண்டு, நாங்கள் செய்வதையெல்லாம் கண் கொட்டாமல் பார்ப்பாள். முகத்தில் தனக்கா மரப்பட்டையை அரைத்த மஞ்சள் பூச்சு, அதற்குள்ளே இரண்டு கண். "கண்ணு வைக்கிறா. இந்த நெலத்து மேல அவளுக்கு ஆசை" என்று அம்மா முணுமுணுத்தாள். அம்மாவுக்கு ஆட்களை எடைபோடத் தெரியும் என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை உண்டு.

வந்து சேர்ந்த அப்பா புதுக் கத்தியைத் தொடவில்லை. மறுநாள் மேஸ்திரி வரட்டும் என்றார். அம்மாவுக்கே விளங்கவில்லை.

"அவரு எதுக்கு?"

"மொதல் வெட்டு வெட்டத்தான். நம்ம கை அதுக்கு ஆவாது, புள்ள. பெரியவங்க கை பட்டாத்தான் நெலம் வெளங்கும்."

இதைப் படிக்கிற உங்களில் பண்ணை வைத்திருந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். எங்கள் ஊரில் முதல் உழவு, முதல் விதை, முதல் கதிர் எல்லாம் ஆண்டையின் கையால்தான். அவர் பேருக்கு ஏர் மேழியைத் தொட்டுவிட்டு நிழலுக்குப் போவார், அப்புறம் எங்கள் ஆட்கள் சாகும்வரை உழுவார்கள். தன் கை பட்டால் மண் மலடாகும் என்று அப்பா நிஜமாகவே நம்பினார். ஆண்டை கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். இந்தப் பக்கத்தில் அவருக்குத் தெரிந்த பெரிய மனிதர் மேஸ்திரி ஒருவர்தான். கோ அண்ணன் கூட இருந்திருந்தால் தடுத்திருப்பார். அவருக்கு அன்று ஆலையில் வேலை.

மேஸ்திரி குடை பிடித்துக்கொண்டு வந்தார். அம்மா காப்பி போட்டுக் கொடுத்தாள். தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, அப்பா புதுக் கத்தியைத் தாம்பூலத்தோடு இரண்டு கையாலும் நீட்டினார். மேஸ்திரி வாங்கினார். வேடிக்கை பார்க்க நின்ற ஊர்க்காரர்கள் பக்கம் திரும்பி, பர்மாப் பாஷையில் ஏதோ சத்தமாகச் சொல்லிச் சிரித்தார். அப்புறம் ஒரு கொத்துப் புல்லை வெட்டிப் போட்டார். அப்பா அவர் காலில் விழுந்து எழுந்தார். கண்ணெல்லாம் தண்ணீர். அவ்வளவு சந்தோஷமான அப்பாவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

அப்புறம் வெட்டினார்கள் பாருங்கள், அதுதான் வெட்டு. அப்பாவும் அம்மாவும் விடிந்ததிலிருந்து குனிந்தவர்கள் நிமிரவில்லை. காய்ந்த புல்லைக் கொளுத்தியபோது புகை எங்கள் சோற்றிலும் தலையிலும் ஏறி, மழை வரும்வரை இறங்கவில்லை. முதல் மழை கரிந்த மண்ணில் விழுந்த வாசனை இருக்கிறதே, அதை எழுத எனக்குத் திறமை போதாது.

மழை வந்தது, மாடு வரவில்லை. இன்சீனில் வண்டிமாடு வைத்திருந்த நம் ஊர்க்காரர்களிடம் அப்பா போய் நின்றார். "ஏர் ஓட்ட ஆள் வேணும்னா கூப்புடுறோம், வா. ஒனக்கு எதுக்குடா ஏரு?" என்று சிரித்து அனுப்பினார்கள். உழுகிற அப்பாவை அவர்களுக்குத் தெரியும். தனக்காக உழுகிற அப்பாவை அவர்களால் கற்பனை செய்ய முடியவில்லை.

கடைசியில் டோவம்மாதான் சாடை காட்டினாள். அவளிடம் ஒரு ஜோடி எருமை இருந்தது, ஓட்ட ஆம்பிளை இல்லை. இரண்டு நிலத்தையும் அப்பா உழுவது என்று பேச்சு. "மொதல்ல எருமையக் குடுப்பா, அப்புறம் நெலத்தக் கேப்பா" என்றாள் அம்மா. அப்பா ஏர் பூட்டித் தமிழில் அதட்டினார். எருமைகள் அசையவில்லை. கெஞ்சினார், கொஞ்சினார், தஞ்சாவூர் வசவு முழுவதையும் அவிழ்த்துவிட்டார். அவை அசைபோட்டுக்கொண்டு நின்றன. டோவம்மா சிரித்துச் சிரித்துச் சுருட்டைக் கீழே போட்டுவிட்டாள். பிறகு என்னைப் பக்கத்தில் இழுத்து, என்ன சொன்னால் நடக்கும், என்ன சொன்னால் திரும்பும் என்று சொல்லிக்கொடுத்தாள். நான் முன்னால் நடந்து அந்தப் பாஷையில் கத்த, அப்பா பின்னால் மேழி பிடித்தார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பர்மாப் பாஷை பேசியது எருமைகளுக்காகத்தான். இத்தனை வருஷம் ஆன பிறகும் எனக்கு அந்தப் பாஷையில் அதட்டல் கொஞ்சம் தூக்கலாக வரும். என் மருமகளைக் கேட்டால் சொல்வாள்.

நாற்று பிடித்தது. நட்டோம். பச்சை கருத்தது. அட்டைக் கடியைச் சொறிந்துகொண்டே அப்பா பகலெல்லாம் வரப்பில் நின்று பார்ப்பார். மழை ஓய்ந்து கதிர் வெளியே தலைகாட்டிய சமயத்தில் மேஸ்திரி மறுபடி குடையோடு வந்தார். வரப்பைச் சுற்றி ஒரு நடை நடந்தார். அம்மா காப்பிக்கு அடுப்புப் பற்றவைத்தாள்.

"நல்லா வெளைச்சிருக்கடா" என்றார். "அறுத்துப் பாதிய நீ எடுத்துக்க. நெலத்த எம்பேர்ல எழுதச் சொல்லித் தஜீகிட்ட பேசிட்டேன்."

அப்பாவுக்கு விளங்கவில்லை. "ஐயா, இது..."

"மொதல் வெட்டு யாரு வெட்டினது? நாந்தான? இந்த ஊரு வழக்கம் அதுதான். யார் கத்தி மொதல்ல விழுதோ அவனுக்குத்தான் நெலம். ஊரே பாத்துச்சு. நான் என்ன ஒன்னத் தொரத்தவா போறேன்? ஒங்கப்பன் பண்ணையில இருந்த மாதிரி எங்கிட்ட இருந்துக்க."

இதில் எனக்கு இன்றுவரை ஆறாதது எது தெரியுமா? அவர் அதட்டவில்லை. அன்பாகத்தான் சொன்னார். நல்லது செய்வதாகவே நினைத்திருப்பார் என்றுகூடத் தோன்றுகிறது. அப்பாவின் கை துண்டுக்குப் போனது. இடுப்பில் கட்டிக்கொண்டு, "சரிங்கய்யா" என்றார்.

அம்மா அடுப்பில் இருந்த காப்பியை அப்படியே தரையில் கொட்டினாள். அன்று முழுக்க அப்பாவோடு பேசவில்லை. விஷயம் கேட்டு ஓடிவந்த கோ அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "எங்க ஊர்ல மொதல் வெட்டு பூஜை இல்ல, தம்பி. அதுதான் பட்டா! எனக்கு நீ ஒரு வார்த்தை சொல்லலியே!" எங்கள் ஊரில் பெரியவர் கைக்கு விடுகிற காரியம், இந்த ஊரில் சொந்தக்காரன் மட்டுமே செய்கிற காரியம் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

கதிர் பழுத்த சமயத்தில் ஊர் மடத்தில் விசாரணை. தஜீ நடுவில் உட்கார்ந்தார். மேஸ்திரிக்குப் பாய் போட்டார்கள். நாங்கள் மூவரும் வாசற்படி ஓரம். கோ அண்ணன் எங்களுக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். எருமை புண்ணியத்தில் எனக்கே பாதி புரிந்தது.

"அன்னிக்கே கேட்டேனே, ஒன் எசமான் யாருன்னு" என்றார் தஜீ அப்பாவிடம். கோபத்தைவிட அலுப்புதான் அதில் அதிகம். "மொதல் கத்தி யாருது?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஊரில் பாதிப் பேர் அப்பாவுக்கு இரங்கினார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு மேஸ்திரியைக் காட்டினார். தஜீ பெருமூச்சு விட்டார். நெல் போகிறது, குடிசை போகிறது என்பதெல்லாம் குழந்தைக்குத் தெரியாது. அப்பா மறுபடி யாருக்கோ சொந்தமாகப் போகிறார் என்பது மட்டும் தெரிந்தது.

அப்போது டோவம்மா வாயிலிருந்து சுருட்டை எடுத்தாள். அவளை யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

"அவர் வெட்டினது மறுநாள்" என்றாள். "இவங்க வந்த அன்னிக்கு மத்தியானம் இந்தப் பொண்ணு காய்ச்சல்ல விழுந்தா. குடிசைக்குள்ள அனல். நிழல்ல படுக்க வைக்க எடமில்ல, புல்லுல பாம்பு. இவ அம்மா அரிவாள எடுத்து, அந்த மரத்தடியில ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு வெட்டிச் சுத்தம் பண்ணினா. நான் வரப்புல ஒக்காந்து பாத்தேன். இந்த நெலத்துல மொதல்ல புல்லு விழுந்தது அங்கதான்."

மேஸ்திரி துள்ளி எழுந்தார். "அது கதிர் அறுக்கிற அரிவாளு! பொம்பள புல்லறுத்தது ஒரு வெட்டா?"

"புல்லு விழுந்துச்சா இல்லியா?" என்றாள் டோவம்மா. அவ்வளவுதான், மறுபடி சுருட்டு.

தஜீ அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள். கோ அண்ணன் கேட்டார், "வெட்டினியாம்மா?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஒரு பக்கமாக நகர்ந்து அவளுக்கு வழிவிட்டார்.

"புள்ள படுக்க எடம் வேணாமா?" என்றாள் அம்மா. அதைச் சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "ஆமாங்க. எம்புள்ளைக்காக நாந்தான் வெட்டினேன்."

தஜீ சிரித்தார். அந்த வருஷத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். பேரைக் கேட்டு எழுதச் சொன்னார், அப்பா பேரையல்ல, அம்மா பேரை. "பொம்பள பேர்லயா?" என்று மேஸ்திரி கேட்டபோது தஜீக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. அந்த ஊரில் பாதி நிலம் பெண்கள் பேரில்தான் இருந்தது. திரும்பும் வழியில் டோவம்மா தன் சுருட்டை அம்மாவிடம் நீட்டினாள். கண்ணு வைக்கிறவள் என்று ஒரு போகம் முழுக்கச் சபித்த அம்மா அதை வாங்கி ஓர் இழுப்பு இழுத்து, வீடுவரை இருமிக்கொண்டே வந்தாள்.

யுத்தம்வரை அந்த நிலம் எங்களுக்குச் சோறு போட்டது. யுத்தம் முடிந்து ரங்கூனுக்கே திரும்பிவந்தோம், ஆனால் நிலத்துக்கு யார் யாரோ வந்தார்கள், போனார்கள். இப்போது அந்தப் பக்கம் முழுக்க வீடும் கடையும். போனதைப் பற்றி நான் அதிகம் புலம்புவதில்லை. நான் காய்ச்சலில் படுத்துறங்கிய இடம் அது என்று மட்டும் அந்த வழியே போகும்போது பேரனிடம் சொல்வேன். அவன் பர்மாப் பாஷையில் சரி என்பான்.

சொல்ல விரும்பியது அறுப்பு நாளைத்தான். விசாரணை முடிந்த மறுநாள் காலை. கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது, பறவைகள் இறங்கத் தொடங்கியிருந்தன. வரப்பில் பனி. அப்பா அரிவாளோடு போனவர் வரப்பிலேயே நின்றுவிட்டார். நாங்கள் பின்னாலேயே வந்தோம். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார் என்று நினைக்கிறேன், ஆனால் குரல் விளையாட்டாக வரவில்லை.

"எறங்கட்டுமா, புள்ள?"

அம்மா அவர் இடுப்பிலிருந்த துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டாள்.

"இனிமே யாரையும் கேக்காதீங்க" என்றாள். "என்னையுந்தான்."

அப்பா வயலில் இறங்கினார்.